சண்டை போட்டால் முழுப் பணம்

அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ஊர் ஒன்றும் சொல்லவில்லை, காத்திருந்தது. ஓரகத்திகள் இருவர் ஒரே அடுப்பில் சமைப்பதே பெரிய விஷயம், இதில் முதல் போட்டுத் தொழில் வேறா, எப்படியும் பிய்த்துக்கொள்வார்கள் என்று சொந்தக்காரர்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மூத்தவள் தராசுத் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள். கடை மேஜையில் எண் காட்டிக்கொண்டிருக்குமே, அந்தத் தராசு. எடைக்கல்லை வைத்து, எடுத்து, சூட்டில் வைத்து, ஈரத்தில் வைத்து, தராசு பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. தொழிற்சாலை வேறு ஊருக்கு மாறியபோது அவள் கூடப் போகவில்லை. இளையவள் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் புரோகிராம் எழுதுபவள். வாய் இல்லாவிட்டால் இவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று பெற்ற தாயே சொல்வாள். வீட்டில் சமையலறை கீழே ஒன்றுதான். மாடியில் படுக்கையறைகளும், ஜன்னலோரம் ஒரு நீள மேஜையும்.

அந்த மேஜையில்தான் தட்டு உருவானது. இவர்கள் அதற்கு வைத்த பெயரே தட்டுதான். கேஸ் சிலிண்டருக்கு அடியில் வைக்கிற வட்டத் தகடு. நாலு காலிலும் எடை உணரும் சென்சார். நடுவே அடிப்பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் மின்பலகையும் பேட்டரியும். சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மிச்சம் இருக்கிறது, நீங்கள் சமைக்கிற வேகத்துக்கு இன்னும் எத்தனை நாள் வரும் என்று கைபேசிக்குச் சொல்லிவிடும். ஒரு காலைவேளையில் பாதி வெந்த பானைக்கு முன்னால் நின்றுகொண்டு, "தீரப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சா எவ்வளவு நல்லாயிருக்கும்" என்று ஒருத்தி சொல்ல, "எடை போட்டாத் தெரிஞ்சிடப் போகுது" என்று இன்னொருத்தி சொன்னதில் வந்த யோசனை அது. எதை யார் சொன்னது என்பது இருவருக்குமே மறந்துபோயிற்று. பெட்டிக்குள் இருப்பது மூத்தவளின் கைவேலை. கைபேசியில் தெரிவது இளையவளின் கைவேலை. செலவு இளையவளின் சம்பளத்திலிருந்து.

செய்வது சுலபமாக இருந்தது. விற்பதுதான் மலையாக நின்றது. வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சியில் ஒரு மூலையில் இடம் பிடித்து மூன்று நாள் நின்றார்கள். ஒருவர் அதை உடல் எடை பார்க்கிற மெஷின் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். 'உங்கள் சிலிண்டர் நிறைந்திருக்கிறது' என்று கைபேசி சொன்னது. வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களிலும் பாதி சொந்தக்காரர்கள். பத்திரிகையில் விளம்பரம் போட விசாரித்ததில், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது போல இருந்தது.

"வீடியோ எடுத்துப் போடுவோம்க்கா. அதுக்குக் காசு கிடையாது," என்றாள் இளையவள்.

அவள் கணவன் கைபேசியைப் பிடித்தான். அவன் வீட்டு மனை விற்கும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். காலி வீடுகளை அழகாகப் படம் எடுத்துப் பழகியவன். சமையலறையில் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருவரையும் நிற்கவைத்தான். மூத்தவள் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள்.

"இந்தத் தட்டு உங்கள் சமையலறையின்... சமையலறையின்..."

"பாதுகாவலன்," என்று எடுத்துக்கொடுத்தாள் இளையவள்.

"அவன் யாரு நடுவுல?"

"எழுதியிருக்கறதைச் சொல்லுங்கக்கா."

"எழுதினவளே சொல்லட்டும். நேத்து ஒரு ஆள் குளிக்க மூணு பானை வெந்நீர் வெச்சவளும் நீதான். கேஸு தீராம என்ன செய்யும்?"

"நீங்க முந்தாநாள் அடுப்பை எரியவிட்டுட்டு மாடியில போய் சால்டரிங் பண்ணிக்கிட்டிருந்தீங்களே, அதைச் சொல்லட்டுமா?"

"சொல்லேன். பானை கருகின வாசனை பக்கத்துத் தெரு வரைக்கும் போயிடுச்சு. ஊருக்கே தெரியும்."

அந்த நேரம் பார்த்து இளையவளின் கைபேசி மணியடித்து, 'இன்னும் இரண்டு நாள்' என்றது. இருவரும் ஒன்றாகத் திரும்பிச் சிலிண்டரைப் பார்த்தார்கள். கைபேசியைப் பிடித்திருந்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் படத்தை ஆட்டிவிட்டான். அதற்குப் பிறகு நல்லபடியாக நாலு தடவை எடுத்தார்கள். அவன் வெளியே போட்டதோ முதலில் எடுத்ததை.

வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்தது போல ஆயிற்று. இரண்டு நாளில் அந்த வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. 'எங்க வீட்டுல பார்த்த மாதிரியே இருக்கு', 'அந்தப் பெரியம்மா பக்கம்தான் நியாயம்', 'சின்னவ பாவம்' என்று கட்சி பிரிந்து எழுதினார்கள். அடியில், தட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

அதன்பின் வாரத்துக்கு இரண்டு சண்டை. மாடி மேஜையில் உட்கார்ந்து இருவருமே சேர்ந்துதான் எழுதுவார்கள். "நீ என்னைச் சோம்பேறின்னு சொல்லு, நான் உன்னைக் கருமின்னு சொல்றேன்" என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். எழுதும்போது சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து மூத்தவளின் கணவர் ஒரு தடவை என்னமோ ஏதோ என்று மேலே ஏறி வந்துவிட்டார். அவர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற இயந்திரத்தில் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். பார்த்துவிட்டு, "சரி, சண்டைதானா" என்று இறங்கிப் போனார்.

உள்ளூர் உறவு இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இளையவளின் அம்மா போன் செய்தாள்.

"அந்த வீட்டுல உன்னை அப்படியா பேசறாங்க? வெந்நீருக்குக்கூடவா கணக்கு?"

"அம்மா, அது நடிப்பு. நானே எழுதினது."

"நடிப்புல வர்றதுதான்டி மனசுல இருக்கறது. உன் பங்கை வாங்கிக்கிட்டுத் தனியா வந்துடு."

"எந்தப் பங்கும்மா? சிலிண்டரா?"

மூத்தவளின் பிறந்த வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. அவள் அண்ணன் பஞ்சாயத்துப் பேசத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டீ கொண்டுவந்து வைத்தவள் இளையவள். யாரிடம் ஆரம்பிப்பது என்று தெரியாமல் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பணம் கட்டித் தட்டுக்கு முன்பதிவு செய்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். கூடவே சிக்கலும் வந்தது.

சோதனைக்காகச் சில வீடுகளில் தட்டைக் கொடுத்து வைத்திருந்தார்கள். தரை உலர்ந்த வீடுகளில் தட்டு சரியாகச் சொன்னது. தினமும் சமையலறையைக் கழுவிவிடுகிற வீடுகளில், ஈரம் ஏறி ஏறி, இல்லாத எடையை இருக்கிறதாகச் சொல்ல ஆரம்பித்தது. ஒரு வீட்டில் 'இன்னும் ஐந்து நாள்' என்று சொன்ன அன்று மாலையே அடுப்பு அணைந்துவிட்டது.

"நிறுத்திடலாம். ரெண்டு மாசம் ஆகும். சென்சாரை ஒட்டுற பசையிலிருந்து மாத்தணும்," என்றாள் மூத்தவள்.

"ரெண்டு மாசத்துல நம்மளை யாருக்கு ஞாபகம் இருக்கும்? காத்து அடிக்கறப்போ தூத்திக்கணும்க்கா. முதல்ல அனுப்புவோம். கெட்டுப்போனதை மாத்திக் குடுப்போம்."

"பொய் சொல்ற தராசை வெளியில விட்டா அது என் தராசு இல்ல."

"அப்போ மூணு வாரம்."

"பசைக்குத் தெரியுமா உன் மூணு வாரம்?"

அன்று பேச்சு அவ்வளவோடு நின்றது, தட்டு அனுப்புவதும் நின்றது. அடுத்த வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து நிருபர் ஒருவர், இளையவள் வேலை செய்யும் அலுவலகத்துக்கே மதிய இடைவேளையில் வந்து பேசிவிட்டுப் போனார். 'தனி ஒருத்தி செய்த தட்டு' என்று தலைப்புப் போட்டு அரைப் பக்கம் வந்தது. மூத்தவளைப் பற்றி, 'வீட்டில் உள்ளவர்களும் உதவுகிறார்கள்' என்று ஒரு வரி. பெரிய படத்தில் இளையவள் தட்டைக் கையில் ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவள் பத்திரிகையைப் படித்து, மடித்து, மேஜையில் வைத்தாள்.

"தலைகீழாப் பிடிச்சிருக்கே," என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு இளையவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆபீசில் வேலை தலைக்கு மேல் என்று அன்று முழுக்க அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் எடுப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து எடுப்பது அசிங்கமாகத் தோன்றியது. அப்படியே விட்டுவிட்டாள்.

அந்த வாரச் சண்டை, அடுப்படியை யார் துடைப்பது என்பதைப் பற்றி. எழுதி வைத்தபடியே போய்க்கொண்டிருந்தது. 'வேலை செய்யறது நான், பேர் வாங்கறது நீ' என்பது மூத்தவளின் வசனம், துடைப்பதைப் பற்றித்தான். அதைச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டியவள் நிறுத்தவில்லை.

"பெட்டியைத் திறக்கத் தெரியாதவ பேட்டி குடுக்கறா," என்றாள்.

இளையவளின் முகம் ஒரு கணம் வெறுமையாகிப் பிறகு சிவந்தது.

"அந்தப் பெட்டியில இருக்கற ஒவ்வொரு திருகும் என் சம்பளத்துல வாங்கினது. நான் காலையில ஓடிப்போய் ஆபீஸ்ல உக்கார்றதாலதான் நீங்க மேஜையில உக்காந்து விளையாடிக்கிட்டிருக்கீங்க."

மூத்தவள் கையிலிருந்த துணியை அடுப்பின் மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இளையவளின் கணவனுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. என்னமாய் நடிக்கிறார்கள்! யாரையும் கேட்காமல் போட்டுவிட்டான். அதுவரை போட்டதை எல்லாம் சேர்த்தாலும் இதைப் பார்த்தவர்கள் எண்ணிக்கைக்கு ஈடாகவில்லை. 'பெட்டியைத் திறக்கத் தெரியாதவ' என்று பஸ்ஸில் இரண்டு பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போவதை இளையவள் தன் காதாலேயே கேட்டாள்.

வீட்டில் சத்தம் ஒன்றும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. இளையவளின் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது வழக்கம்போல மூத்தவள்தான். "உப்பு" என்றால் உப்பு நகர்ந்து வந்தது. அடுத்த சண்டையை ஆளுக்கொரு நேரத்தில் எழுதி, காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். படம் எடுக்கும்போது நேராக வந்து நின்றார்கள். அதுவும் நன்றாகத்தான் ஓடியது.

நாலைந்து நாள் பார்த்துவிட்டு மூத்தவளின் கணவர் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சு, நீங்க ரெண்டு பேரும் இப்பல்லாம் நடிக்கறப்போதான் பேசிக்கிறீங்க."

இருவரும் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் அடுப்புக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் அடுப்பு செய்து விற்றுச் சம்பாதித்தவர். இப்போது புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குப் பணம் போட்டுப் பங்கு எடுத்துக்கொள்வார். எல்லோரும் அவரை அடுப்புக்காரர் என்றே சொல்வார்கள். அவரும் போனை எடுத்தால் "அடுப்புக்காரன் பேசறேன்" என்பார். இருவரும் போய் உட்கார்ந்த அவருடைய அலுவலகத்தில் ஒரு சுவர் முழுக்க அலமாரி அடித்து, அவர் முதன்முதலில் செய்த ஒற்றை பர்னரிலிருந்து எல்லா அடுப்பும் வைத்திருந்தார். தூசி இல்லாமல் இருந்தது.

"கண்காட்சியில நீங்க வித்த தட்டு ஒண்ணை வாங்கிப் பிரிச்சுப் பார்த்தேன்," என்று ஆரம்பித்தார். "நல்லா இருக்கு. ஆனா இன்னொருத்தனும் செஞ்சிடுவான். ஒரு வருஷத்துல நாலு பேர் செய்வான். நான் பணம் போடறது தட்டுக்கு இல்ல."

"பின்னே?" என்றாள் இளையவள்.

"பெட்டியைத் திறக்கத் தெரியாதவ பேட்டி குடுக்கறா." அவர் வாய்விட்டுச் சிரித்தார். "என் சம்சாரம் இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்கிட்டயே சொல்றா. இதுதாம்மா சரக்கு. இதை எவனும் காப்பியடிக்க முடியாது. வாரத்துக்கு ரெண்டு சண்டை, ரெண்டு வருஷத்துக்கு, எழுத்துல குடுங்க. நீங்க கேக்கற பணம் முழுசும் தர்றேன். தட்டைச் செய்யறதுக்கு என் பட்டறையிலேயே ஆள் இருக்கு."

"தட்டுல ஒரு கோளாறு இருக்கு," என்றாள் மூத்தவள். அந்த அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இளையவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்புக்காரர் கையை வீசினார். "எதுலதான் கோளாறு இல்ல? யோசிச்சுச் சொல்லுங்க."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். நிழற்குடையில் வேறு யாரும் இல்லை. ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. அவர்களுடையதுதான், இருவரும் ஏறவில்லை.

"நீங்க அன்னிக்குச் சொன்னது நிஜமாவே மனசுல இருந்ததாக்கா?" என்றாள் இளையவள்.

"இருந்தது."

"எத்தனை நாளா?"

"தலைகீழாப் பிடிச்சிருந்த நாளிலிருந்து." அவளே தொடர்ந்து, "நீ சொன்னது?" என்றாள்.

"சம்பளம்னு சொன்னது நிஜம். எனக்குப் பயமா இருக்குக்கா. மாசாமாசம் போட்டுக்கிட்டே இருக்கேன், எங்க போய் நிக்கும்னு தெரியலை. விளையாட்டுன்னு சொன்னது... அது வலிக்கணும்னு சொன்னது."

"வலிச்சுது."

"தெரியும். அந்த நிருபர்கிட்ட உங்களைப் பத்தி நிறையச் சொன்னேன். அவர் எழுதலை. வந்ததைப் பார்த்ததும் நான் போன் பண்ணித் திருத்தச் சொல்லியிருக்கணும். படம் நல்லா வந்திருந்துச்சு. விட்டுட்டேன்."

மூத்தவள் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "எனக்குப் பேட்டி குடுக்க வராது. அது உன் வேலைதான். ஆனா பேட்டியில நான் இருக்கணும்," என்றாள்.

"இருப்பீங்க."

"இந்த ஆள் சொல்றதுக்குச் சரின்னு சொன்னா, ரெண்டு வருஷத்துக்கு நான் உன்னைத் திட்டணும். முதல்ல இல்லாததைச் சொல்லித் திட்டினோம். அது தீர்ந்துபோச்சு. இனிமே இருக்கறதைத்தான் சொல்லணும். எவ்வளவு இருக்குன்னு எனக்கே தெரியாது."

இளையவள் சிரித்துவிட்டாள். "எனக்கும் நிறைய ஸ்டாக் இருக்குக்கா."

"அதான் சொல்றேன். வேண்டாம்."

"பணம்?"

"பணம் வேணும்."

அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள். பேச்சு கோளாறுக்குப் போயிற்று. ஈரம் ஏறினால் எடை எப்படிக் கூடுகிறது என்று மூத்தவள் விளக்கினாள்: திடீரென்று கூடாது; கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில் ஊர்ந்து ஏறும். இளையவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள்.

"கேஸ் குறையத்தானேக்கா செய்யும்? தானாக் கூடாதே."

"எப்படிக் கூடும்?"

"அப்போ எடை மெதுவா ஏறினா அது கேஸ் இல்ல, ஈரம். அதை மட்டும் கழிச்சிடச் சொல்லி நான் எழுதிட்டா? ஒரேயடியா ஏறினாத்தான் புது சிலிண்டர்."

மூத்தவள் அவளை முறைத்தாள். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"ஏறுதுன்னுதானே சொன்னீங்க, எப்படி ஏறுதுன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"நீ எங்க கேட்ட? மூணு வாரம், மூணு வாரம்னு குதிச்ச."

முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இவர்களை அடையாளம் தெரிந்துவிட்டது. கைபேசியை எடுத்தாள். இருவரும் வாயை மூடிக்கொண்டு இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மறுவாரம் மீண்டும் அடுப்புக்காரரிடம் போனார்கள். எழுத்தில் சண்டை கிடையாது என்றாள் இளையவள். தோன்றினால் போடுவோம், தோன்றாவிட்டால் இல்லை. தட்டு எங்கள் மேற்பார்வையில்தான் தயாராகும். கோளாறைச் சரி செய்யாமல் ஒன்றுகூட வெளியே போகாது.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்போ என்கிட்ட விக்க என்ன இருக்கு உங்களுக்கு?"

"தட்டு," என்றாள் மூத்தவள்.

"பாதிப் பணம்," என்றார் அவர்.

"ஏன் பாதி?" என்றாள் இளையவள்.

"சண்டை போட்டா முழுப் பணம். தட்டுக்கு மட்டும்னா பாதி. அதுவும் சும்மா இல்ல. பழைய அடுப்பு கழுவற கொட்டகை ஒண்ணு வெச்சிருக்கேன். தரையில எப்பவும் தண்ணி நிக்கும். மூணு தட்டைக் கொண்டுவந்து ஒரு மாசம் அங்க வையுங்க. சரியாச் சொன்னா வாங்கிட்டுப் போங்க."

மூத்தவள் புதுப் பசை போட்டு, சென்சாரைத் தரையிலிருந்து உயர்த்தி, பெட்டிக்கு ரப்பர் விளிம்பு வைத்தாள். இளையவள் ஈரத்தைக் கழிக்கிற கணக்கை எழுதினாள். முதலில் எழுதியதில் ஈரத்தோடு சேர்த்துக் கேஸையும் கழித்துவிட்டது. நிறைந்த சிலிண்டரைக் காலி என்றது. இரண்டாவதும் தேறவில்லை. மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தி தண்ணீர் தெளிக்க, ஒருத்தி எண்ணைப் படிக்க, பல நாள் போயிற்று. பெட்டியைத் திறந்து மூடவும் இளையவள் கற்றுக்கொண்டாள். முதல் தடவை திருகு ஒன்றை நெரித்துவிட்டாள். "பரவாயில்ல, உன் சம்பளம்தானே," என்றாள் மூத்தவள். இருவரும் சிரித்தார்கள், கொஞ்சம் ஜாக்கிரதையாக.

கொட்டகையில் ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு தட்டு அச்சுப் பிசகாமல் சொன்னது. மூன்றாவது தப்பாகச் சொன்னது. மூத்தவள் அதைத் திருப்பிப் பார்த்து, விளிம்பை விரலால் தடவினாள்.

"இது ஈரம் இல்ல. சிலிண்டரை மேலே இருந்து தொப்புன்னு போட்டிருக்காங்க. தகடு வளைஞ்சிருக்கு."

"வீட்டுலயும் அப்படித்தாம்மா போடுவாங்க," என்றார் அடுப்புக்காரர்.

அவர் சொன்னது சரிதான். தகட்டின் கனத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. அதனால் விலையும் ஏறியது. மூன்றுக்கு இரண்டு தேறியதால் பாதிப் பணத்திலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, பிடித்ததை ஆறு மாதம் கழித்துத் தருவதாகச் சொன்னார். இளையவள் ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

முன்பதிவு செய்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்ல ஒரு வீடியோ எடுத்தார்கள். சண்டை இல்லை, வசனம் இல்லை. தட்டில் ஈரத்தால் கோளாறு இருந்தது, சரி செய்துவிட்டோம், விலை இவ்வளவு கூடுகிறது, வேண்டாம் என்பவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்று இளையவள் சொன்னாள். கோளாறு எப்படி வந்தது என்று மூத்தவள் தட்டைக் கவிழ்த்துவைத்துக் காட்டினாள். பேசும்போது கேமராவைப் பார்க்காமல் தட்டையே பார்த்தாள். யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. 'பழைய மாதிரி சண்டை போடுங்க' என்று நிறையப் பேர் எழுதினார்கள். முன்பதிவில் ஏறக்குறைய பாதிப் பேர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இளையவளின் அம்மா மறுபடி போன் செய்தாள். குரல் இறங்கியிருந்தது.

"ஏண்டி, சண்டை போடறதையே நிறுத்திட்டீங்களா?"

"ஆமாம்மா."

"அப்போ நிஜமாவே சண்டையா?"

எவ்வளவோ சொல்லியும் அவள் நம்பவில்லை. கடைசியில் போனை மூத்தவளிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. "அத்தை, அவ இங்கதான் பக்கத்துல உக்காந்து திருகு முடுக்கிக்கிட்டிருக்கா. சண்டை போட நேரம் இல்ல," என்றாள் மூத்தவள்.

வந்த பணத்தில் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கடையை வாடகைக்கு எடுத்தார்கள். முன்பு சைக்கிள் கடையாக இருந்த இடம். தரையில் எண்ணெய்க் கறை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. தகடு வெட்டவும் அடுக்கவும் இரண்டு பேரை வேலைக்கு வைத்தார்கள். இன்ஷூரன்ஸ் வேலையை விடலாமா என்று இளையவள் கேட்டபோது மூத்தவள்தான் தடுத்தாள். "மிச்சப் பணம் வரட்டும். அதுவரைக்கும் பாதி நாள் கேட்டுப் பாரு," என்றாள். கேட்டதில் கிடைத்தது. மூத்தவளுக்குக் கம்பெனியிலிருந்து மாதச் சம்பளம் என்று இளையவள் எழுதிவைத்த தொகை, தராசுத் தொழிற்சாலையில் வாங்கியதைவிடக் குறைவுதான். அவள் அதை எடுத்துச் சொல்லிக் கொஞ்சம் கூட்டி வாங்கிக்கொண்டாள்.

தட்டு இப்போது மெதுவாகப் போகிறது. வீடியோ பார்த்து வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு சிலிண்டர் கொண்டுபோய்ப் போடுகிறவர்கள் சொல்லித்தான் அதிகம் விற்கிறது. ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு இளையவளுடைய யோசனை. லாபம் என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஒன்றும் வரவில்லை. நஷ்டம் மாதாமாதம் குறைகிறது. ஒரு பத்திரிகையில் மறுபடி பேட்டி வந்தது. இந்தத் தடவை படத்தில் இருவரும் இருந்தார்கள். மூத்தவள் அதில் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி நின்றிருந்தாள். இனிமேல் படத்துக்கு மட்டும் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டாள்.

போன வாரம் அடுப்புக்காரர் கடைக்கு வந்தார். குடிதண்ணீர்க் கேனுக்கும் இதே மாதிரி ஒரு தட்டு செய்தால் அலுவலகங்களில் நன்றாகப் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் இளையவள் ஆரம்பித்தாள்.

"செய்யலாம்க்கா. நம்மகிட்ட எல்லாமே இருக்கு. பேரை மாத்தினாப் போதும்."

"ஒண்ணையே ஒழுங்கா நிக்கவைக்கலை. அதுக்குள்ள இன்னொண்ணா?"

"ஆபீஸ்காரங்க மொத்தமா வாங்குவாங்க. ஒருத்தர்கிட்ட பேசினா அம்பது தட்டு."

"தண்ணி கொட்டும். கேனைச் சாய்ச்சு சாய்ச்சுப் பிடிப்பாங்க. எடை ஒரு பக்கமா விழும்."

"விழட்டும். எந்தக் காலில எவ்வளவு விழுதுன்னு நான் தனித்தனியாப் படிச்சுக்கறேன்."

மூத்தவள் கையிலிருந்த தட்டை முடித்து, அடுக்கில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள். திருகு முடுக்கும் கருவியை அதில் வைத்தவள், அழுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தக் கேன்? சின்னதா, பெரிசா?"